பூவாடைக்காரிக்குப் பேர் என்ன?

வம்சாவளி கேட்டால் நம் வீட்டு ஆண்பிள்ளைகள் கடகடவென்று சொல்லிவிடுவார்கள். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று நாலு தலைமுறை வந்துவிடும். அந்தக் கொள்ளுத்தாத்தாவுக்கு வாழ்க்கைப்பட்டவள் பேரைக் கேட்டுப் பாருங்கள். திண்ணையில் சத்தமே இருக்காது. "ஒரத்தூர்க்காரின்னு சொல்லுவாங்க" என்று ஊர்ப் பேரோடு நின்றுவிடும்.

எங்கள் படப்பைப் பக்கத்தில் இன்னும் ஒரு விநோதம். செங்கல்பட்டு, ஆற்காடு ஜில்லாக்காரர்களுக்குப் பூவாடைக்காரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தெற்கத்திச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். குடும்பத்தில் கன்னியாகவோ சுமங்கலியாகவோ இறந்துபோன பெண்ணை வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவோம். கல்யாணத்துக்கு முன்னால் நீர்நிலையிலிருந்து அவளை அழைத்து வந்து, புதுப் புடவையும் பூவும் வைத்துப் படைப்போம். எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி, என் மாமனாருடைய கொள்ளுத்தாத்தாவுக்கு மூத்த தாரம். நாங்களெல்லாம் இளைய தாரத்தின் வம்சம். கும்பிடுவதோ மூத்தவளை! அவளுக்குப் பேர் என்ன என்று கேட்டால், யாருக்கும் தெரியாது. "பூவாடைக்காரிதான் பேரு, வேற என்ன?" என்பார் என் மாமியார்.

பரணில் ஒரு தகரப் பெட்டி. வீட்டு வரி ரசீது தேடப் போனவள், அடியில் செல்லரித்த ஒரு பத்திரத்தைக் கண்டேன். அதில் பாதி எழுத்து புரியவில்லை. ஊரில் பழைய கர்ணம் ஒருவர் இருக்கிறார், வயது எழுபத்தெட்டு. கர்ணம் உத்தியோகத்தை 1980-ல் சர்க்கார் எடுத்துவிட்டாலும், எங்களுக்கு அவர் இன்னும் கணக்குப்பிள்ளைதான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவர் சொல்லிக் கொடுத்த பாடத்தை உங்களுக்கும் சொல்கிறேன், ரொம்பப் பிரயோஜனம்.

௵ என்று இருந்தால் வருஷம். ௴ என்றால் மாதம், ௳ என்றால் தேதி. ௹ என்பது ரூபாய். ௸ என்று வந்தால் 'மேற்படி'. பத்திரத்தில் பத்து வரிக்கு ஒரு மேற்படி வருகிறது! காணி என்பது ஒரு ஏக்கர் 32 சென்ட். அதாவது 24 மனை.

எங்கள் பத்திரத்தில் தாது ௵ மாசி ௴ என்று இருந்தது. தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு முறை திரும்பி வரும் அல்லவா? தாது 1876 ஏப்ரலில் பிறந்தது, மறுபடி 1936-லும் வந்தது. எதுவென்று எப்படிச் சொல்வது? "ஸ்டாம்புல தலை யாருதுன்னு பாரும்மா" என்றார் பெரியவர். விக்டோரியா ராணி! அப்படியானால் 1877-ம் வருஷம் பிப்ரவரி, மார்ச் வாக்கில். தாது வருஷத்துப் பஞ்சம் தலைவிரித்தாடிய சமயம். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து பக்கிங்காம் கால்வாயை வெட்டினார்களே, அது இந்தப் பஞ்ச நிவாரண வேலைதான்.

விஷயம் இதுதான். பெண்சாதி முதல் பிரசவத்தில் சிசுவோடு இறந்துவிட்டபடியால், அவள் தகப்பனார் மஞ்சக்காணியாகக் கொடுத்த அரைக் காணி நிலத்தை அவருக்கே திருப்பிக் கொடுத்து எழுதிய பத்திரம். நிலம் மணிமங்கலத்துப் பக்கம். அந்த வரியில், இரண்டு மேற்படிகளுக்கு நடுவே, அவள் பேர் இருந்தது.

பேரை அச்சில் போட வேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட்டார். தெய்வத்தின் பேர், வீட்டுக்குள் இருக்கட்டும் என்கிறார். அதனால் எழுதவில்லை.

எனக்கு இதில் பெரிய விஷயம் பேர் மட்டுமல்ல. உச்சி வேளையில் கிணற்றடிக்குப் போய்ப் பேய் அறைந்து செத்தாள் என்றுதான் இத்தனை நாளும் கதை. என் நாத்தனார் மகளுக்கு இப்போது ஆறு மாசம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறையவே கூடாது. "பூவாடைக்காரிக்குக் குறை வெச்சிட்டோம், மந்திரிச்சா சரியாப் போகும்" என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை ஜன்னலில் வைத்துவிட்டார்கள். நான் சொல்லி எடுபடவில்லை.

பத்திரத்தை மாமியாரிடம் படித்துக் காட்டினேன். பஞ்ச வருஷம், முதல் பிரசவம் என்றதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு நாத்தனாரைக் கூப்பிட்டு, "அவளுக்கு வயித்துக்கு இல்லாம போச்சுடி. இவளுக்கு இருக்குல்ல? குடுடி மாத்திரையை" என்றார். அன்று ராத்திரியே ஆரம்பித்தாயிற்று. (காபி, டீயோடு சாப்பிடக் கூடாது. எலுமிச்சம்பழ ஜூஸோடு சாப்பிட்டால் சத்து நன்றாகச் சேரும்.) போன வாரம் 9.6.

இன்னும் பின்னால் போக ஆசைப்படுகிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு புதையலே உண்டு. ஆற்காடு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்குக் கொடுத்த பிறகு, 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற என்ஜினீயர் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களைக் கணக்கெடுத்தார். எத்தனை வீடு, ஏரி, கோயில், எத்தனை காணி நிலம், களத்து நெல்லில் தச்சனுக்கும் வண்ணானுக்கும் என்ன பங்கு என்று எல்லாம் அதில் வருகிறது. ஊர்க் கணக்கர்கள் தமிழில் எழுதிய ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும், இங்கிலீஷ் சுருக்கம் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. திருப்போரூர், வடக்குப்பட்டு என்ற இரண்டு ஊர்க் கணக்கு 2001-ல் புத்தகமாகவே வந்துவிட்டது.

கடல் தாண்டிப் போனவர்கள் சங்கதி இன்னும் ஆச்சரியம். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் கரும்புத் தோட்டத்துக்குக் கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு நேட்டாலுக்குப் போனது. அப்படிப் போனவர்களின் பதிவேட்டில் ஆணோ பெண்ணோ, ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், பேர், தகப்பன் பேர், வயது, ஊர், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு வரைக்கும் உண்டு. அதை வைத்துக்கொண்டுதான் தென்னாப்பிரிக்காக்காரர்கள் இன்றைக்கும் ஊரைத் தேடி இங்கே வருகிறார்கள். கஷ்டத்தில் கப்பலேறிய கூலிப் பெண்ணின் பேர் எழுத்தில் இருக்கிறது. வீட்டோடு இருந்த மருமகளுடையதுதான் காணோம். நம் ஆண்பிள்ளைகளின் லட்சணத்தை என்ன சொல்ல!

மணிமங்கலத்துக்கும் போய் வந்தேன். அந்த அரைக் காணி இப்போது மனை போட்டு, வரிசையாக வீடுகள். மொட்டை மாடியில் துணி காய்கிறது. அவள் பிறந்த வீட்டார் யாரென்று சொல்ல ஆளில்லை.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு, முதலில் பரணில் உள்ள பித்தளை, வெண்கலத்தை இறக்குங்கள். சீராக வந்த குடத்தின் கழுத்திலும் அண்டாவின் விளிம்பிலும் பேர் வெட்டியிருப்பார்கள், பெரும்பாலும் பெண்ணுடைய பேர்தான். புளி போட்டுத் தேய்த்தால் எழுத்து தெரியும். பழைய பாத்திரக்காரனிடம் போடுமுன் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதே நோட்டில், யார் எந்த வயதில் எதனால் போனார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு பக்கம் எழுதிவைத்தால், டாக்டர் "உங்க வீட்டுல யாருக்காவது சர்க்கரை, பிரஷர் உண்டா?" என்று கேட்கும்போது முழிக்க வேண்டாம்.