மலிவுக் கணினியும் பங்குச் சந்தையும்

இரத்தினபுரி என்னும் பெயரே மணிகளின் நகரம் எனப் பொருள்படும். இந்நகரத்தார்க்குக் கல்லின் மதிப்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எனினும், சென்ற நூற்றாண்டின் எழுபதுகளில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டு நினைவூட்டுதல் தகும். பால்போல் மங்கிய ‘கெவுடா’க் கற்களை நம் நாட்டார் பொருட்படுத்தாது சொற்ப விலைக்கு விற்றனர். தாய்லாந்து வணிகர் அவற்றை வாங்கிச் சென்று, உலையிலிட்டுச் சூடேற்றி, ஒளிமிக்க நீலக்கற்களாக்கிப் பெரும்பொருள் ஈட்டினர். மலிவானது மதிப்பற்றது என எண்ணியவர் இழந்தனர். அதன் இயல்பை ஆராய்ந்தவர் பெற்றனர். கணினியின் உயிர்நிலையாகிய சிலிக்கன் சில்லுக்கும் இவ்வுண்மை பொருந்துமென்பதே எமது கருத்து.

சில்லுகள் ஒரு சிலிக்கன் தகட்டின்மீது பல நூறாக ஒருங்கே ஆக்கப்படுகின்றன. ஒரே தகட்டிற் பிறந்தவையாயினும் அவை யாவும் ஒரே தரத்தன அல்ல. குறையற்றவை உயர்ந்த விலைக்குச் செல்லும். ஒரு பகுதி பழுதுற்றவையோ, அப்பகுதி முடக்கப்பட்டுக் குறைந்த விலைக்கு விற்கப்படும். 2008ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனம் விற்ற மூன்று கருக்களையுடைய செயலி, உண்மையில் நான்கு கருக்களுள் ஒன்று முடக்கப்பட்டதேயாகும். ஆதலின், மலிவுச் செயலி என்பது போலிச் சரக்கன்று. தரம் பிரிக்கப்பட்ட சரக்கு.

இம்மலிவுச் சரக்கைப் புறக்கணித்த நிறுவனங்கள் பட்ட பாட்டை அண்மைக்கால வரலாறு காட்டும். 1997ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஆயிரம் டொலருக்குக் குறைந்த மேசைக் கணினிகள் பெரிதும் விலைபோகத் தொடங்கின. அச்சந்தையைப் போட்டியாளர் கவர்ந்துகொள்ளக் கண்ட இன்டெல் நிறுவனம், 1998 ஏப்ரிலில் ‘செலெரோன்’ என்னும் மலிவுச் செயலியை வெளியிட்டது. விலையைக் குறைக்கும்பொருட்டு, அடிக்கடி வேண்டப்படும் தரவுகளை அருகில் வைத்திருக்கும் இரண்டாம் நிலைப் பதுக்கு நினைவகத்தை அதில் அறவே நீக்கிவிட்டது. செயலி மந்தமாயிற்று, அறிந்தோர் எள்ளினர். அவ்வாண்டு ஓகத்து மாதத்திலேயே, 128 கிலோபைட்டு நினைவகத்தைச் சில்லிலேயே பதித்துப் புதிய செலெரோனை அந்நிறுவனம் கொணர்ந்தது. 300 மெகாஹேட்ஸ் வேகத்திற்கென விற்கப்பட்ட அதனை ஆர்வலர் பலர் 450 மெகாஹேட்ஸ் வேகத்தில் இயக்கிக் காட்டினர். உலைகண்ட கெவுடா போன்றதே அச்சில்லு.

ஆயினும் அப்பாடம் நெடிது நிலைக்கவில்லை. பின்னர் ஏறக்குறைய பத்தாண்டுகள், பொதுமக்கள் வாங்கும் மேசைக் கணினிக்கு நான்கு கருக்களே போதுமென இன்டெல் இருந்துவிட்டது. 2017 மார்ச்சில் ஏ.எம்.டி. ‘ரைசன்’ செயலிகளை வெளியிட்டு, எட்டுக் கருக்களை 329 டொலருக்கு அளித்தது. அப்பொழுது இன்டெலின் எட்டுக் கருச் செயலியோ ஆயிரம் டொலருக்கு மேற்பட்டிருந்தது. 2015இல் இரண்டு டொலருக்கும் கீழே கிடந்த ஏ.எம்.டி. பங்கு, 2021 நவம்பரில் 150 டொலரைக் கடந்தது. இவ்வேற்றம் முழுவதும் மேசைக் கணினியால் வந்ததன்று; வழங்கிக் கணினிகளுக்கான செயலிகளும் அதிற் பெரும்பங்கு கொண்டன. ஆனால் இரண்டிற்கும் அடிப்படை வடிவமைப்பு ஒன்றே. மறுபுறம், நுண்ணிய உற்பத்தி முறைக்கு மாறுவதிலும் பிந்திய இன்டெலின் பங்கு, 2024 ஓகத்து 2ஆம் நாள் ஒன்றிலேயே நூற்றுக்கு 26 வீதம் வீழ்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் டௌ ஜோன்ஸ் பட்டியலில் இன்டெலின் இடம் என்விடியாவுக்குச் சென்றது.

இதனைக் கண்டு, செயலியின் வேகத்தை அளந்து பங்கு வாங்கினால் செல்வராகலாம் என இளைஞர் சிலர் கருதுவர். அது பேதைமை. வேகத்தின் அளவு வெளிவரும்போதே சந்தை அதனை விலையில் ஏற்றிவிடுகின்றது. அன்றியும், சில்லு நிறுவனங்களின் கண் இன்று மேசைக் கணினியின்மீதே நிலைத்திருக்கவில்லை. செயற்கை நுண்ணறிவுக்கான பெருந் தரவு நிலையங்களின்மீது சென்றுள்ளது. 2025 டிசெம்பரில் மைக்ரோன் நிறுவனம், பொதுமக்களுக்கு நினைவகம் விற்றுவந்த தன் ‘குருசியல்’ வணிகத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. நினைவகத்தின் விலையும் ஏறிற்று. பங்குச் சந்தை களிக்கும் அதே காரணத்தால், ஏழை மாணாக்கன் வாங்கும் கணினி விலையேறுகின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

அவ்வேழை மாணாக்கன் நமக்கு அயலானல்லன். சப்பிரகமுவத் தோட்டங்களிற் கொழுந்து பறிப்போரும் பால் வெட்டுவோரும் அவனுடைய பெற்றோர். 2024 செப்டெம்பரில் அவர்தம் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவாக உயர்ந்தபோது, இறக்குமதிப் பொருளாகிய கணினி அவர்க்கு இன்னுந் தொலைவிற் சென்றது. 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் நின்றது. பழைய கணினிகள் பல புதிய விண்டோஸுக்குத் தகுதியற்றனவாயின.

ஆகவே அவற்றைக் குப்பையிலிடுவதா? பழையதை ஏழைக்குத் தள்ளிவிடுவது தருமமன்று, புதியதே வேண்டும் என்பாரும் உளர். அவர்தம் நோக்கம் நன்றே. ஆனால் ஒரு புதிய கணினியின் விலையிற் பல பழைய கணினிகளைச் செப்பனிடலாம். கட்டுரை எழுதவும், கணக்கிடவும், நிரலாக்கம் பயிலவும் மிகுவேகச் செயலி வேண்டுவதில்லை. சுழலும் வன்றட்டை நீக்கித் திண்மநிலைச் சேமிப்பகம் பொருத்தினால், மந்தமாயிருந்த கணினி விரைவு பெறும். கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸ் அதனை மேலுஞ் சில ஆண்டுகள் உழைக்கச் செய்யும்.

எனவே பழைய மாணவர்க்கு எமது வேண்டுகோள் இதுவே. கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் உங்கள் அலுவலகங்கள் கழிக்கும் கணினிகளுள் நல்லனவற்றைத் தேர்ந்து கல்லூரிக்கு அளியுங்கள், பழுதானவற்றை அனுப்பாதீர்கள். கணினியோடு அதனைப் பேணுவதற்குரிய பொருளையும் சேர்த்து அளியுங்கள். பேணுவாரில்லாக் கணினிக்கூடம் ஈராண்டிற் பாழாகும். ஆசிரியர் அதன் உட்பாகங்களைத் திறந்து காட்டுவாராக. மாணாக்கர் அதனைச் செப்பனிடவும் பயில்வாராக. ஏழையின் தேவையைச் சந்தை ஒருகால் நினைக்கும்; ஒருகால் மறக்கும். கல்லூரியோ எக்காலத்தும் மறத்தற்குரியதன்று.