ஐம்பது லீற்றரும் அறுநூறு கிலோமீற்றரும்

ஐரோப்பாவின் பனிமலைகளில் சறுக்கி விளையாடப் போகிறவர்கள் சட்டைப் பையில் ஒரு சிறிய அட்டையை வைத்திருப்பார்களாம். மலைக்கு ஏற்றிச் செல்லும் தொங்கு வண்டியின் வாசலுக்கு வந்தால் அதை வெளியில் எடுக்கவும் தேவையில்லை. இயந்திரமே படித்துக் கதவைத் திறந்து விடும். சுவிஸிலிருந்து விடுமுறையில் வந்த ஒருவர் என் கடையில் உட்கார்ந்து இதைச் சொன்னார். "இதென்ன புதினம், நாங்களும் ஒரு வருஷம் அட்டையோடுதானே திரிந்தோம்" என்றேன்.

2022 ஆகஸ்ட் முதலாந் திகதி நாடு முழுவதும் கட்டாயமாக்கப்பட்ட எரிபொருள் கியூஆர் அட்டையைத்தான் சொன்னேன். அடையாள அட்டை, வாகன இலக்கம், செசி இலக்கம் கொடுத்துப் பதிந்தால் கறுப்புக் கட்டங்களாக ஒரு படம் வரும். ஆரம்பத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20, லொறிக்கு 50. 2023 செப்டெம்பர் முதலாந் திகதிதான் அந்த முறை நீக்கப்பட்டது.

அதற்கு முந்திய கியூக்களை நினைத்தால் அட்டையைக் குறை சொல்ல மனம் வராது. இரவிரவாக வண்டியிலேயே படுத்துக் கிடந்தவர்கள் வீட்டில் தூங்கினார்கள். பெரிய முதலாளியின் மோட்டார் சைக்கிளுக்கும் மீன் பெட்டி கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறவரின் மோட்டார் சைக்கிளுக்கும் ஒரே 4 லீற்றர். இது பெரிய நியாயம்.

ஆனால் அந்த இயந்திரத்துக்கு வாகனம் தெரிந்தது, வியாபாரம் தெரியவில்லை. மன்னாரிலிருந்து பேலியகொடை மீன் சந்தைக்கு ஒரு வழியே 300 கிலோமீற்றருக்கு மேல். போய்வர 600. லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர் ஓடும் லொறிக்கு 100 லீற்றர் வேண்டும். கையில் 50. நீர்கொழும்புக்காரர் அதே 50 லீற்றரில் வாரத்தில் பல தடவை சந்தைக்குப் போய்வருவார். எங்கள் லொறி போனால் திரும்பாது. மீன் அடுத்த வாரம் வரை காத்திருக்குமா?

சொல்ல வெட்கமாக இருந்தாலும் மறைக்க விரும்பவில்லை. ஓடாமல் நின்ற இன்னொருவரின் லொறிக்கு வந்த டீசலை நான் கூடுதல் காசு கொடுத்து வாங்கினேன். "நானா, எல்லாரும் இதைத்தானே செய்றாங்க" என்றார் சாரதி. உண்மைதான். அந்தக் காசை மீன் விலையில் குறைத்தேன். கடைசியில் அதைச் சுமந்தது கரையில் நின்ற சம்மாட்டியும் அவருக்குக் கீழே வலை இழுத்தவர்களும்தான். அதே ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியிருந்தது. அவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி.

அட்டை வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் நெடுஞ்சாலைக்கும் அட்டையும் கியூஆரும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அன்று எங்கள் பக்கத்து வர்த்தகர்கள் ஒன்றுசேர்ந்து, எத்தனை லொறி, எந்தச் சந்தை, எத்தனை கிலோமீற்றர் என்று ஒரு தாளில் எழுதிக் கச்சேரியில் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஆளுக்காள் இரகசியமாக டீசல் தேடினோம். கேட்டால் எழுதிக் கொடுக்க எங்களிடம் கணக்கும் இருக்கவில்லை என்பது வேறு கதை.

இப்போது என் லொறியில் ஒரு கொப்பி கிடக்கிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் கிலோமீற்றரும் லீற்றரும் சாரதி எழுதுகிறார், முணுமுணுத்துக்கொண்டுதான். உங்கள் லொறியிலும் அப்படியொன்று இருந்தால், அடுத்த அட்டை வரும் நாளில் நாங்கள் வெறுங்கையோடு கச்சேரிக்குப் போக வேண்டியதில்லை.