பொம்மை விமானமும் மெய் விமானமும்

ஓசூரிலிருந்து தளி செல்லும் சாலையில் பேளகொண்டப்பள்ளி என்றோர் ஊர் உண்டு. அங்கே தனேஜா நிறுவனத்தின் விமான ஓடுதளம் இருக்கிறது. இத்தாலியின் பார்ட்டனேவியா நிறுவனத்தின் கூட்டுறவோடு, 1990களில் பி-68 என்னும் இரட்டை எஞ்சின் சிறு விமானங்களை அங்கே உருவாக்கினார்கள். நம் மண்ணில் விமானம் பிறந்திருக்கிறது! ஆனால் அதை ஓட்டும் ஆசை நம் கல்லூரி மாணவன் ஒருவனுக்கு வந்தால் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்புக்கு ஆளானவர்களில் வணிகவியல் படிக்கும் நானும் ஒருவன்.

தெர்மாகோல் அட்டையை வெட்டி, சிறு மோட்டார் பொருத்தி, ரேடியோ ரிமோட்டால் மாதிரி விமானம் பறக்கவிடுவது என் பொழுதுபோக்கு. "படிக்கிற பிள்ளைக்கு இந்த விளையாட்டு எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். விளையாட்டுத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விமானமே விளையாட்டிலிருந்து வந்ததுதானே? ரைட் சகோதரர்களுக்கு 1878இல் தந்தை வாங்கித் தந்தது, ரப்பர் முறுக்கில் எழும்பும் ஒரு பறக்கும் பொம்மை. 1899இல் அவர்கள் ஐந்தடி அகலக் காற்றாடி ஒன்றைச் செய்து, இரு கைகளிலும் பிடித்த குச்சிகளில் கயிறு கட்டி, தரையில் நின்றபடியே அதன் இறக்கைகளை முறுக்கி இயக்கினர். இன்றைய ரிமோட்டிலும் இரண்டு குச்சிகள்தாம்! அந்தக் காற்றாடிக்குப் பின் நான்கே ஆண்டுகளில், 1903 டிசம்பர் 17ஆம் நாள், மெய் விமானம் எழுந்தது.

மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால் இறக்கை தூக்குவிசையை இழக்கும். வாலில் கனம் கூடினால் விமானம் அடங்காது. பொம்மைக்கும் மெய்க்கும் விதி ஒன்றே. விழுந்ததைப் பொறுக்கி வந்து, ஏன் விழுந்தது என்று சிந்தித்து, ஒட்டி மீண்டும் பறக்கவிடும் பொறுமையையும் மாதிரி விமானம் கற்றுத் தருகிறது.

ஆயினும், மாதிரியை ஓட்டியவனெல்லாம் விமானி ஆகிவிட முடியாது. நம்மை நோக்கி வரும் மாதிரிக்கு இடம் வலம் மாறித் தோன்றும். உள்ளே அமர்ந்தவனுக்கு அக்குழப்பம் இல்லை. ஆனால் அவன் கால்களால் சுக்கானை இயக்க வேண்டும். கருவிகளைக் கவனிக்க வேண்டும். கட்டுப்பாட்டு நிலையத்தோடு பேச வேண்டும். மாதிரி விழுந்தால் அட்டை போகும். மெய் விமானம் விழுந்தால் உயிர் போகும். கரையில் கற்றது பாதி. இறங்கி நீந்துவதே மறுபாதி.

இறங்க வழி உண்டா? உண்டு. மாணவ விமானி உரிமத்துக்கு 16 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் போதும். தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயதும் 40 மணி நேரப் பறப்பும் வேண்டும். இரண்டுக்கும் தேர்வும் மருத்துவச் சோதனையும் உண்டு. பிழைப்புக்காக ஓட்டும் வணிக விமானி உரிமத்துக்கோ 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் தேறியிருக்க வேண்டும் என்பது 1990களில் வந்த விதி. அதைத் தளர்த்தும் யோசனை 2025இல் எழுந்தது. கலைப் பிரிவினர் அவ்விரு பாடங்களையும் திறந்தநிலைப் பள்ளி வழியே எழுதித் தேறும் வழியும் இருந்து வந்திருக்கிறது. ஆக, கதவைச் சட்டம் முழுதும் சாத்திவிடவில்லை. பல இலட்சம் ரூபாய்ப் பயிற்சிக் கட்டணமே பூட்டாகத் தொங்குகிறது.

ஓசூரில் 2000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளுக்கான பன்னாட்டு விமான நிலையம் அமைப்பதாக 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அது எழும்போது நம்மவர்க்குக் காவல் வேலையும் பெட்டி தூக்கும் வேலையும்தானா? அவை இழிவான வேலைகள் அல்ல. ஆனால் அவை மட்டுமே நமக்கு என்றால் அது நியாயமா?

ஆகவே நான் வேண்டுவது மூன்று. கல்லூரியில் ஒரு மாதிரி விமானக் கழகம் வேண்டும். 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளுக்கு உட்பட்டு, அனுமதியுள்ள இடத்தில் மட்டும் பறக்கவிடுவோம். மாதிரி விமானப் பயிற்சியும், இலகு விமானத்தில் பறக்கும் வாய்ப்பும் தரும் என்.சி.சி. விமானப் பிரிவு நம் கல்லூரிக்கும் வர வேண்டும். இயற்பியல், கணிதப் பேராசிரியப் பெருமக்கள் கலைப் பிரிவு மாணவர்க்கு மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

முதற்செலவு சில அட்டைகளும் ஒரு ரிமோட்டும்தான். எல்லாரும் விமானி ஆகப்போவதில்லை. ஆனால் ஒருவராவது ஆகலாம். அந்த ஒருவர் யாரென்று முன்கூட்டியே தெரியாது என்பதால்தான், எல்லார் கையிலும் அந்தக் குச்சிகளைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.