சவாரி இறங்கிய பிறகு

26 வருடமாக டாக்ஸி ஓட்டுகிறேன். ஏர்போர்ட்டில் ஏறிக்கொண்டு, "காசு போய்ச் சேர்ந்ததும் தருவாங்க" என்று சொல்கிற சவாரியை நான் எடுப்பதில்லை. இரண்டு தடவை ஏமாந்தது போதும். அதனாலேயே கால்பந்து வீரர் சாலிஃப் கெய்ட்டா கதையை யார் சொன்னாலும் என் மனசு அந்தப் பாரீஸ் டிரைவர் பக்கம் போய்விடும்.

1967 செப்டம்பர். மாலி நாட்டின் பமாகோவிலிருந்து 20 வயதுப் பையன் ஒருவன் பிரான்ஸுக்கு வருகிறான். ஊரில் அவன் பெரிய ஆட்டக்காரன். விட்டால் திரும்பி வரமாட்டான் என்று அரசாங்கத்துக்குப் பயம். சொல்லாமல் கொள்ளாமல் லைபீரியா போய், அங்கிருந்து விமானம் பிடித்தான். பமாகோவில் இருந்த லெபனான்காரர் ஒருவர் சேன்த் எத்தியென் கிளப்புக்கு எழுதிய கடிதங்கள்தான் இத்தனைக்கும் காரணம். கிளப் ஆள் லெ பூர்ஜே விமான நிலையத்தில் காத்திருக்க, பையன் இறங்கியது ஒர்லியில். வெளியே வந்து ஒரு டாக்ஸியைப் பிடித்து, "சேன்த் எத்தியென்" என்றான். சுமார் 500 கிலோமீட்டர்!

அட்வான்ஸ் இல்லை. திரும்பும்போது வண்டி காலி. சவாரி ஏமாற்றினால் டீசல் காசும் போச்சு. அந்த மனிதர் எதை நம்பி கியர் போட்டாரோ. ஆயிரம் பிராங்குக்கு மேல் ஆன வாடகையைக் கிளப் கொடுத்தது.

2023-ல் கெய்ட்டா காலமானபோதும் இந்தக் கதையைத்தான் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்கள். எனக்கு அதில் வருத்தம். அந்த வாடகையை அவர் எப்படி அடைத்தார் என்பதல்லவா முக்கியம்? தொடர்ந்து மூன்று லீக் பட்டங்கள். 1969-ல் பயர்ன் மியூனிக்கிடம் 0-2 என்று தோற்று வந்த அணி சொந்த ஊரில் 3-0 என்று திருப்பியடித்தது. மூன்றாவது கோல் இவருடையது. ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருதை 1970-ல் முதன்முதலாக ஏற்படுத்தியபோது அது இவருக்குத்தான் போனது. அடுத்த பருவத்தில் லீகில் 42 கோல். அப்படியும் முதலிடம் இல்லை, மார்செய் அணியின் ஸ்கோப்ளார் 44 அடித்துவிட்டார். கிளப் சின்னத்தில் ஏறிய கருஞ்சிறுத்தை இவர் நினைவாகத்தான்.

1972-ல் கிளப்போடு மனக்கசப்பு. மார்செய் போனார். பழைய அணிக்கு எதிராக இரண்டு கோல் போட்டுவிட்டு, அதன் தலைவர் ரோஜர் ரோஷேயைப் பார்த்துக் கையை மடக்கி அசிங்கமாகச் சைகை காட்டினார். "அழைத்து வந்து வாழ்வு கொடுத்தவரிடமா?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சைகை தப்புதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாழ்வு கொடுத்தார்கள் என்ற பேச்சை ஒப்புக்கொள்ள மாட்டேன். வாடகை வாங்கியாச்சு, சவாரி இறங்கியாச்சு. அதற்குப் பிறகு அவர் எந்தத் தெருவுக்குப் போகிறார் என்று வண்டிக்காரன் கேட்க முடியுமா?

மார்செயும் அப்படித்தான் அவர் மீது உரிமை கொண்டாடப் பார்த்தது. ஒரு அணியில் வெளிநாட்டவர் இரண்டு பேர் என்பது அப்போதைய கணக்கு. ஸ்கோப்ளார், மேக்னுசன் என்று இரண்டு இடமும் நிறைந்திருக்க, "நீ பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிக்கொள்" என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு 1973-ல் ஸ்பெயினின் வாலன்சியாவுக்குப் போனார். கிளப்பின் இடக்கணக்குக்காக நாட்டை மாற்றச் சொல்வதை மரியாதை என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

பிறகு போர்ச்சுகல், அமெரிக்கா என்று ஆடி முடித்து பமாகோவுக்கே திரும்பினார். அங்கே தன் பெயரில் பயிற்சி மையம் ஒன்றைத் தொடங்கினார். ரியல் மாட்ரிட்டுக்கு ஆடிய மஹமது தியாராவும், பார்சிலோனாவுக்கு ஆடிய அவருடைய சொந்தக்காரப் பையன் செய்து கெய்ட்டாவும் அங்கே பழகியவர்கள்தான். அந்தப் பையன்கள் ஐரோப்பாவுக்குப் போனபோது, எந்த விமான நிலையத்தில் இறங்க வேண்டும் என்று அவர் கட்டாயம் சொல்லி அனுப்பியிருப்பார்.