கணக்குப் புத்தகம் கடைசியில் ஏன்?

“முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், காலம் கடந்து விட்டது.” பிரதிவாதியின் சொத்துக் கணக்கைக் காட்டச் சொல்லி, விசாரணை முடியும் தறுவாயில் மனுப் போடும் ஏழைக்குக் கோர்ட்டில் கிடைக்கும் பதில் இதுதான். கூலியை மட்டும் வாங்கிப் போகிறவனுக்கு, முதலாளியின் பெட்டியில் என்ன புத்தகம் இருக்கிறதென்று முதலிலேயே எப்படித் தெரியும்?

தாமதம் ஏழையின் குணமல்ல தோழர்களே, சட்டமே அப்படி அமைந்திருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தைப் பாருங்கள். பண வழக்கில் டிக்ரி கிடைத்து, 30 நாளாகியும் பணம் வராவிட்டால்தான், கட்டளை 21 விதி 41-ன்படி, கடன்பட்டவனின் சொத்து விவரத்தைப் பிரமாண வாக்குமூலமாகக் கேட்கலாம். வழக்கு நடக்கும் வருஷங்களில் நாஞ்சில் நாட்டு வயலும் தோப்பும் மைத்துனன் பெயருக்குப் போய்விடும். நம் கையில் டிக்ரிக் காகிதம் மிஞ்சும். தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்கக் கட்டளை 38-ல் வழி உண்டு. ஆனால், சொத்தை மறைக்கப் பார்க்கிறான் என்று நாம்தான் காட்ட வேண்டுமாம்!

தொழில் தகராறிலும் இதே கதைதான். போனஸுக்காகப் போராடிய பெட்லாட் சாயப்பட்டறைத் தொழிலாளர் வழக்கில், 1960-ல் சுப்ரீம் கோர்ட் நல்லதொரு தீர்ப்புச் சொன்னது. கம்பெனி நீட்டும் பாலன்ஸ் ஷீட்டே சாட்சியமாகாது. சத்தியம் செய்து அதை நிரூபிக்க வேண்டும். தொழிலாளர் தரப்புக்குக் குறுக்கு விசாரணை செய்ய இடம் தர வேண்டும் என்றது. ஐந்தே வருஷத்தில் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆடிட்டர் தணிக்கை செய்த கம்பெனிக் கணக்கு சரியென்றே கொள்ளப்படும், நிரூபிக்கத் தேவையில்லை என்றது 1965 போனஸ் சட்டத்தின் 23-வது பிரிவு. விளக்கம் கேட்டு மனுப் போடும் உரிமையைச் சங்கத்துக்கு விட்டுவைத்தார்கள். அதுவும் அவசியமென்று தீர்ப்பாயம் கருதினால்தான்.

ஆரம்பத்திலேயே கணக்கைக் காட்டச் சொல்வது முடியாத காரியமா? 2020 நவம்பர் 4-ல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே அதைச் செய்தது. ஜீவனாம்ச வழக்குகளில் இடைக்கால மனுக் கட்டத்திலேயே இரு தரப்பும் வரவு, சொத்து, கடன் அனைத்தையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்த்தரப்புக்கு 4 வாரம். இரண்டு தடவைக்கு மேல் அவகாசம் கிடையாது. விவசாயத்தில் இருப்பவர்களுக்குத் தனிப் படிவமும் உண்டு. நாற்று நட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றும் பெண், கைவிட்டுப் போன புருஷன் எத்தனை கோட்டை நெல் அறுக்கிறான் என்று வரப்பில் நின்று உளவு பார்க்க வேண்டியதில்லை.

புருஷனுக்குப் பொருந்தும் இந்த நியாயம் முதலாளிக்கு ஏன் பொருந்தாது? கூலி பாக்கியோ நஷ்டஈடோ, எந்த மன்றமானாலும் முதல் வாய்தாவிலேயே கணக்கு மேஜைக்கு வர வேண்டும் என்று கேட்போம்.

அது வரும்வரை, சிவில் வழக்கென்றால் கட்டளை 11 இருக்கிறது. எதிர்த்தரப்பிடம் உள்ள ஆவணங்களை வெளியிடச் சொல்லி, பிரமாண வாக்குமூலம் இல்லாமலேயே மனுக் கொடுக்கலாம். எந்த வருஷத்துக் கணக்கு, எந்தப் புத்தகம் என்று சங்கக் காரியதரிசிகள் முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள். வக்கீல், பாவம், வேலை மிகுந்த மனிதர். “பிறகு பார்க்கலாம்” என்பார். விடாதீர்கள். மனுக் கொடுத்த தேதியைச் சங்க நோட்டில் குறித்து வையுங்கள்.