படத்தைப் போற்றுவோர் பட்ட கடன்

ஓர் ஒளிப்படம் ஓர் அரசை நடுங்க வைக்குமா என்று ஐயுறுவோர் 1976 சூன் 16ஆம் நாளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அன்று தென்னாப்பிரிக்காவில், யோகன்னசுபர்க்கு நகரை அடுத்த சோவெத்தோவில், பள்ளிச் சீருடையுடன் மாணவர் பல்லாயிரவர் தெருவில் திரண்டனர். அவர்கள் கைகளில் எழுத்தட்டைகள் இருந்தன. ஆப்பிரிக்கான்சு மொழியை எங்கள்மேல் திணியாதீர் என்பதே அவர்தம் வேண்டுகை. வெள்ளையர் அரசின் காவலர் அதற்குத் துமுக்கியால் விடை சொன்னார்கள்.

அச்சூட்டில் வீழ்ந்தவருள் ஒருவன் எக்டர் பீட்டர்சன். அவனுக்கு அகவை 12. அவனைத் தம் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு ஓடியவர் உம்புயிசா மக்குபோ என்னும் 18 அகவை இளைஞர். பக்கத்திலேயே கையை உயர்த்திக் கதறியவாறு ஓடியவள் எக்டரின் தமக்கை ஆந்துவானெத்து. அவளுக்கு அகவை 17. இக்காட்சியை அடுத்தடுத்து ஆறு படங்களாக எடுத்தவர் 'வேர்ல்டு' நாளிதழின் படப்பிடிப்பாளர் சாம் நிசீமா. காவலர் கண்டால் பறித்துவிடுவர் என்பதை அறிந்து, படச்சுருளைக் கழற்றித் தம் காலுறைக்குள் ஒளித்துக் காத்தார். அப்படம் அவருடைய நாளிதழில் வெளிவந்தது; உலகெங்கும் பரவிப் பன்னாட்டு நாளிதழ்களின் முதற்பக்கங்களில் இடம்பெற்றது. சூன் 19ஆம் நாளே ஐக்கிய நாடுகள் அவையின் பாதுகாப்பு மன்றம் தென்னாப்பிரிக்க அரசைக் கண்டித்துத் தீர்மானம் இயற்றியது. எழுச்சி ஊர்தோறும் பரவ, அடுத்த திங்களே ஆப்பிரிக்கான்சுத் திணிப்பாணை கைவிடப்பட்டது. போரை நடத்தியவர் மாணவர். உயிர் கொடுத்தவரும் அவரே. அவர் பட்டதை மறுக்கவியலாத சான்றாக்கியது அப்படம்.

இத்தகைய படங்களைப் பற்றி நெடுநாளாகக் கேட்கப்படும் வினா ஒன்றுண்டு. கண்முன் ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கையில் அதைக் காவாமல் படம் எடுத்து நிற்பது அறமா என்பதே அது. கேட்பது முறைதான். ஆனால் நடந்தது இன்னதென அறிந்துகொண்டு கேட்பதே அதனினும் முறை. சோவெத்தோவில் சிறுவனைத் தூக்க மக்குபோ இருந்தார். அவனைக் கொண்டுசெல்ல, அதே நாளிதழின் செய்தியாளர் சோபி தேமா அம்மையார் வந்த மகிழுந்து இருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோயினர், அங்கு அவன் இறந்துவிட்டான் என்றே சொல்ல முடிந்தது. நிசீமா தம் படக்கருவியைக் கீழே வைத்திருந்தால் அச்சிறுவன் பிழைத்திருக்கப் போவதில்லை. காவலர் தம்மைக் காத்துக்கொள்ளவே சுட்டனர் என்னும் ஆட்சியாளர் கூற்றுக்கு எதிராக நிற்கக்கூடிய சான்றொன்றுதான் இல்லாமற் போயிருக்கும். சுட்டவனை விட்டுவிட்டுப் படம் எடுத்தவனைக் கூண்டிலேற்றும் அறம் எத்தகைய அறம்? அது யாருக்கு உதவும் அறம்?

இவ்வாறு கூறுவதால் எவர் துயரையும் எவரும் படமாக்கி விற்கலாம் என்று ஆகிவிடாது. துன்புற்றவனின் வழக்கை எடுத்துரைக்கவே படம் காட்டப்பட வேண்டும். காட்டுபவனின் பையை நிரப்பவோ, பார்ப்பவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுத் தன்னை நல்லவனாக எண்ணிக்கொள்ளவோ காட்டப்படலாகாது. இவ்வளவுகோலைக் கொண்டு அளந்தால் நிசீமா தவறவில்லை. தவறுவோர் அவருக்குப் பின்னர் அப்படத்தைக் கையாள்வோரே.

முதல் தவறு, படத்திலிருந்து அதன் கரணியத்தை உரித்தெடுப்பது. சுவரிலும் சட்டையிலும் அப்படத்தைப் பொறித்துக்கொள்வோர் பலரைக் கேட்டால், 'நிறவெறிக்கு இரையான சிறுவன்' என்பர். அது உண்மை, ஆயினும் பாதி உண்மை. அச்சிறுவன் இறந்த ஊர்வலம் எதற்காகப் புறப்பட்டது என்பதை அவர்கள் சொல்வதில்லை. கருப்பின மக்களுக்கெனத் தாழ்ந்த கல்வியை வகுத்த சட்டம் 1953இல் வந்தது. அதன்வழி நடந்த கல்வித்துறை, மேல்வகுப்புப் பாடங்களுள் பாதியை ஆங்கிலத்திலும் பாதியை ஆப்பிரிக்கான்சிலும் கற்பிக்க வேண்டும் என்று 1974இல் ஆணையிட்டது. கணக்கும் குமுகாயப் பாடமும் ஆப்பிரிக்கான்சின் பங்கில் வைக்கப்பட்டன. கற்பிக்கும் ஆசிரியர் பலர்க்கே அம்மொழியில் போதிய பயிற்சி இல்லை. தெரியாத மொழியில் கணக்குக் கற்கும் பிள்ளை கணக்கையும் கல்லாது, மொழியையும் கல்லாது. தான் அறிவற்றது என்பதை மட்டுமே கற்கும். அதைத்தான் அவ்வாட்சி விரும்பிற்று. இவ்வுண்மையை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டுவது, வழக்கைத் தள்ளிவிட்டுப் பிணத்தை மட்டும் காட்டுவதாகும்.

அம்மாணவர்கள் ஆங்கிலத்தை ஏற்றுக்கொண்டுதானே ஆப்பிரிக்கான்சை மறுத்தனர், அஃது எப்படி மொழிப்போராகும் என்று சில கெட்டிக்காரர் கேட்பர். தாம் எம்மொழியில் கற்பது என்பதைத் தம்மை ஒடுக்குவோர் முடிவு செய்யலாகாது என்பதற்காக அவர்கள் எழுந்தனர். மொழிப்போர் என்பதன் பொருளே அதுதான். 1996ஆம் ஆண்டு அந்நாடு இயற்றிய அரசியலமைப்பு சூலு, கோசா, சோத்தோ, சுவானா முதலிய மக்கள்மொழிகளுக்கு ஆட்சிமொழித் தகுதி தந்து, மொத்தம் 11 மொழிகளை அவ்விடத்தில் அமர்த்திற்று. அப்பதினொன்றுள் ஆப்பிரிக்கான்சும் ஒன்று. ஒடுக்கப்பட்டவர்க்கு மொழியின்மேல் பகையில்லை, திணிப்பின்மேல்தான் பகை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இரண்டாம் தவறு, படத்திற்குள் இருப்பவரின் பெயரையும் வாழ்வையும் மறந்துவிடுவது. எக்டரின் குடும்பப் பெயர் முதலில் பிட்சோ என்பதாகும். கலப்பினத்தார் எனப் பதிந்துகொண்டால் ஒடுக்குமுறை சற்றுக் குறையும் என்பதால் அக்குடும்பம் பீட்டர்சன் என்னும் பெயரைப் பூண்டது. வாழ்வதற்காகத் தன் பெயரையே விட்டுக்கொடுத்த குடும்பத்தின் பிள்ளை, மொழித் திணிப்பை எதிர்த்த தெருவில் இறந்தான். இதை அறியாமல் அப்படத்தைப் பார்ப்பவன் எதைப் பார்த்தவன் ஆவான்?

அவனைத் தூக்கிய மக்குபோவின் நிலை இன்னும் கொடிது. அப்படமே அவருக்குப் பகையாயிற்று. அவர் முகத்தை உலகம் போற்றியது. காவலரோ அதே முகத்தைத் தேடினர். அவர் நாட்டை விட்டு ஓட நேர்ந்தது. 1978இல் நைசீரியாவிலிருந்து தாய்க்கு ஒரு மடல் வந்தது. அதன் பின்னர் அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. தாய் நோம்புலேலோ 2004இல் இறக்கும்வரை மகனைக் காணவில்லை. தம் மகன் ஒன்றும் பெரிய மறவன் அல்லன், வீழ்ந்து கிடக்கும் பிள்ளையைத் தூக்குவது தம் மக்களின் பண்பாட்டில் உடன்பிறந்தான் ஒருவனின் கடமையே என்னும் கருத்துப்பட அத்தாய் சொன்னார். அப்படத்தைச் சட்டையில் அணிந்து திரிவோர் எத்தனை பேர்க்கு அத்தாயின் பெயர் தெரியும்?

படம் எடுத்தவரும் தப்பவில்லை. காவலரின் அச்சுறுத்தலுக்கு ஆளாகித் தம் பணியைத் துறந்து, லில்லிதேல் என்னும் சிற்றூருக்குச் சென்று சேர்ந்தார் நிசீமா. அங்கும் வீட்டுக்காவல் அவரைத் தொடர்ந்தது. அவர் பணியாற்றிய நாளிதழை 1977 அக்தோபரில் அரசு தடைசெய்தது. நாளிதழ்ப் படப்பிடிப்பாளராக அவர் மீண்டும் பணியாற்றவேயில்லை. அப்படமோ நாடு நாடாக அச்சாகிக்கொண்டே இருந்தது. அதன் உரிமை அவர் கைக்கு வந்தது 1998இல். எடுத்த நாளிலிருந்து 22 ஆண்டுகள் கழித்து! 2011இல் அரசு விருதளித்தது. 2018இல் அவர் மறைந்தார். நிறவெறியை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டே, அதை உலகுக்குக் காட்டிய கருப்பினத் தொழிலாளியின் உழைப்புப் பயனை இத்தனை ஆண்டுகள் பிறர் துய்த்தனர் என்றால், அதைச் சுரண்டல் என்னாமல் வேறு என்னென்பது?

மூன்றாம் தவறு, படத்தில் இருப்பவரை மட்டுமே இறந்தவராகக் கொள்வது. அன்று முதலில் சுடப்பட்டவன் எக்டர் அல்லன். ஏசுட்டிங்சு இண்டுலோவு என்னும் 15 அகவை மாணவன் என்பர். அவனை உலகறிந்த படமாக்கிய ஒளிப்படம் ஏதுமில்லை. ஆகவே உலகம் அவனைப் பெரிதும் அறியாது. அவ்வெழுச்சியில் நாடெங்கும் மாண்டவர் பல நூற்றுவர். படக்கருவி ஒருவனை நோக்கித் திரும்புங்கால் பிறரிடமிருந்து திரும்பிவிடுகிறது. இது கருவியின் குற்றமன்று, அதன் இயல்பு. அக்குறையை நிரப்ப வேண்டியது எழுத்தும் நினைவும் உடைய மாந்தரின் பொறுப்பு.

தென்னாப்பிரிக்க மக்கள் இப்பொறுப்பை ஓரளவு உணர்ந்து செயற்பட்டிருக்கின்றனர். சூன் 16 அந்நாட்டின் இளைஞர் நாள், பொது விடுமுறை. சோவெத்தோவின் ஒர்லாண்டோ மேற்குப் பகுதியில் 2002இல் எக்டர் பீட்டர்சன் பெயரால் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. படத்தில் கதறிக்கொண்டு ஓடிய தமக்கை ஆந்துவானெத்து அங்கேயே பணியாற்றி, வருவோர்க்கு அந்நாளின் நிகழ்வுகளைத் தம் வாயாலேயே எடுத்துரைத்தார். படத்தில் ஊமையாக நின்றவர் தாமே பேசத் தொடங்குவதினும் சிறந்த ஈடு அப்படத்திற்கு இல்லை.

இவையெல்லாம் எங்கோ நடந்தவை என்று தமிழர் எவரும் கடந்துபோக வேண்டா. மொழித் திணிப்பை எதிர்த்து 1939இல் சிறைப்பட்டு இறந்த நடராசனும் தாளமுத்துவும், 1965 சனவரியில் சிதம்பரத்தில் சுடப்பட்டு இறந்த மாணவர் இராசேந்திரனும் இம்மண்ணின் பிள்ளைகள். ஆண்டுதோறும் அவர் படங்களுக்கு மாலை சூட்டப்படுகிறது. மாலை சூட்டும் கைகளைப் பார்த்துக் கேட்க வேண்டும்: அவர் எவ்வூரினர்? என்ன அகவையில் இறந்தனர்? எந்த ஆணையை எதிர்த்து இறந்தனர்? அவரைப் பெற்றவர் பின்னர் எப்படி வாழ்ந்தனர்? அவருடன் இறந்தும் படம் இல்லாதவர் யார் யார்? விடை தெரியாத கை சூட்டும் மாலை வெறும் பூவே.

ஆகவே, போராட்டப் படமொன்றை மேடையில் வைப்போரும் இதழில் அச்சிடுவோரும் அதன் கீழே இறந்தவர் பெயரையும், இறந்ததன் கரணியத்தையும், படம் எடுத்தவர் பெயரையும் எழுதுக. படத்தால் பொருள் வருமாயின் எடுத்தவர்க்கும் இழந்தவர்க்கும் உரிய பங்கைக் கொடுக்க. படம் இல்லாமல் மாண்டோர் பெயர்களை உடன்சேர்த்துப் படிக்க. இவற்றைச் செய்ய மனமில்லாதவர் அப்படத்தைத் தொடாதிருக்க!