இருளைத் தேடி ஒரு மலைப்பயணம்

சனிக்கிழமை விடிந்தால் போதும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்களும் வேன்களும் வாணியம்பாடியை நோக்கி விரைகின்றன. பொன்னேரி கிராமத்தைக் கடந்ததும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் ஆகியோரின் பெயர் தாங்கிய கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. பதினான்கு வளைவுகளையும் ஏறி முடித்தால் ஏலகிரி. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இதமான காற்று, புங்கனூர் ஏரியில் படகு, சாலையோரத்தில் பலாச்சுளை. வாரம் முழுவதும் புகையிலும் இரைச்சலிலும் உழன்ற குடும்பத்தார்க்கு இது வேண்டியதே. பிள்ளைகளுக்கு மரத்தையும் மலையையும் காட்டவேண்டும் என்று நினைக்கும் பெற்றோரை யார்தான் குறை கூறுவர்?

ஆயின் அந்தி சாய்ந்தபின் அம்மலையில் நடப்பதைச் சற்று நோக்குங்கள். விடுதிகளின் மதிலைச் சுற்றிலும் வண்ண விளக்குகள். புல்தரையில் ஆட்டபாட்டத்திற்கு ஒலிபெருக்கி. நீச்சல் குளத்தின்மேல் பகலையும் தோற்கடிக்கும் ஒளிவெள்ளம். நகரத்தை விட்டு ஓடி வந்தவர்கள் நகரத்தையே மூட்டை கட்டிக்கொண்டு வந்து மலையுச்சியில் அவிழ்த்து வைத்துவிடுகின்றனர். மறுநாள் காலையில் எஞ்சி நிற்பவை பிளாஸ்டிக் தட்டுகளும் காலிப் புட்டிகளுமே. இரவு என்ற ஒன்று அங்கே வந்து போனது யாருக்கும் தெரியாது.

நகரம் நம்மிடமிருந்து பறித்துக்கொண்டவை எவை எனக் கேட்டால், நல்ல காற்று, நல்ல தண்ணீர் என உடனே விடை சொல்லுவோம். இருளை யாரும் சொல்லுவதில்லை. நம் பாட்டனார் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு, கார்த்திகை மீன்கள் ஆறையும் எண்ணிக் காட்டி, ஆகாய கங்கை இதோ பாய்கிறது என்று பேரப்பிள்ளைகளுக்குச் சுட்டிய வானம் எங்கே போயிற்று? வானம் அங்கேயே இருக்கிறது. தெருவிளக்குகளும் விளம்பரப் பலகைகளும் மேல்நோக்கி வீணே சிந்தும் ஒளி, காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி, ஊருக்கு மேல் வெளிறிய கூடாரம்போல் கவிந்து நிற்கிறது. அக்கூடாரத்தைத் துளைத்து வந்து சேரும் ஆற்றல் பத்திருபது விண்மீன்களுக்கே உண்டு.

அதே வாணியம்பாடியிலிருந்து கிழக்கே பிரியும் மற்றொரு சாலையை ஏலகிரிக்கு விரைவோர் கவனிப்பதில்லை. அது ஆலங்காயத்திற்குச் செல்வது. வேலூர் மாவட்டத்தில் இருந்து, 2019ஆம் ஆண்டு முதல் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாகிவிட்ட இப்பேரூர், ஜவ்வாது மலையின் வாசற்படி எனலாம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் ஆலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை செய்யும் நம் மக்களுக்கு இம்மலைகள் அன்றாடம் கண்ணில் படுபவை. ஆனால் ஏறிப் பார்த்தவர்கள் சிலரே. ஆலங்காயத்தைத் தாண்டி ஜமுனாமரத்தூர் நோக்கிச் செல்லும் பாதையில், சந்தன மரங்கள் வளரும் காட்டினூடே, 725 மீட்டர் உயரத்தில் காவலூர் இருக்கிறது. உலக வானியல் அறிஞர்கள் நன்கறிந்த ஊர் அது. அடுத்த ஊரார் பலர் அறியாத ஊரும் அதுவே. இதில் நாணப்பட வேண்டியவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அங்கே அமைந்திருப்பது வைணு பாப்பு வானாய்வகம். அதன் கதை சென்னையில் தொடங்குகிறது என்றால் வியப்பாக இருக்கும். 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டப்பட்ட சென்னை வானாய்வகத்திலிருந்துதான் 1861ஆம் ஆண்டு போக்சன் என்ற ஆங்கிலேய அறிஞர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதற் சிறுகோள் அதுவே. ஆகவே அதற்கு ஆசியா என்றே பெயரிட்டார். இன்று நுங்கம்பாக்கத்தில் நின்று வானைப் பார்க்கிறவர் நிலாவைக் கண்டாலே பாக்கியவான்! பின்னர் 1899இல், கதிரவனை ஆராய்வதற்கு உயர்ந்த மலையே ஏற்றது என்று ஆய்வகம் கொடைக்கானலுக்கு மாறியது. அங்கே பணியாற்றிய முனைவர் வைணு பாப்பு, இரவு வானை ஆராய்வதற்கென்று தனியிடம் தேடினார். தென்னாட்டில் இருந்தால் வடவானையும் தென்வானையும் ஒருங்கே காணலாம். ஊர் வெளிச்சம் எட்டாத காடாகவும் இருக்க வேண்டும். இத்தேடலில் அவருக்குக் கிட்டியது காவலூர்.

1968இல் கொடைக்கானலிலேயே செய்யப்பட்ட 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கி ஒன்றைக் கொண்டு வேலை தொடங்கிற்று. 1972இல் ஒரு மீட்டர்த் தொலைநோக்கி வந்தது. அவ்வாண்டிலேயே, வியாழனின் துணைக்கோளான கானிமீடைச் சுற்றி மெல்லிய காற்றுப்படலம் இருப்பதற்கான அறிகுறி இங்கே கிடைத்தது. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றபோது, அமெரிக்க அறிஞர் விமானத்தில் பறந்தவாறே அளந்து, அக்கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு எனக் கண்டனர். அதே நிகழ்ச்சியைத் தரையில் நின்று பதிவு செய்த இடங்களுள் நம் காவலூரும் ஒன்று. பின்னர் 1988இல் இங்கிருந்து ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டு, கணித மேதை இராமானுஜனின் பெயரைப் பெற்றது.

பாப்பு கனவு கண்ட பெரிய தொலைநோக்கி முற்றுப்பெறுமுன்பே, 1982 ஆகஸ்டில் அவர் ஜெர்மனி நாட்டின் மியூனிக் நகரில் காலமானார். 2.34 மீட்டர் அகலமுள்ள கண்ணாடியைக் கொண்ட அத்தொலைநோக்கியைப் பிரதமர் இராஜீவ் காந்தி 1986 ஜனவரி 6ஆம் நாள் திறந்துவைத்து, பாப்புவின் பெயரைச் சூட்டினார். விண்மீனைத் தொடர்ந்து நடந்த மூவரசரின் திருநாள் அது! திட்டமிட்டுச் செய்ததன்று, ஆயினும் நம்மவர்க்கு நினைத்தால் இனிக்கும் செய்தி. நம் கண்மணி இருளில் விரியும் அளவோடு ஒப்பிட்டால், அக்கண்ணாடி ஓர் இலட்சம் மடங்குக்கு மேல் ஒளியை ஏந்துகிறது. 2016இல் உத்தரகண்ட் மாநிலத்துத் தேவஸ்தலில் 3.6 மீட்டர்த் தொலைநோக்கி வந்தபின் இது நாட்டில் மிகப் பெரியது என்னும் பெயரை இழந்தது, வேலையை இழக்கவில்லை.

விளக்கொளிக்கு அஞ்சி இடம் பெயர்ந்த அறிஞர்கள் உலகெங்கும் உண்டு. வத்திக்கானுக்கே சொந்தமான வானாய்வகம் ஒன்று இருப்பதை வாசகர் சிலர் அறிந்திருப்பர். உரோமை நகரின் வெளிச்சம் பெருகியதால், திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் காலத்தில், 1935இல், அதை நகருக்கு வெளியே காஸ்தல் கந்தோல்போவிற்குக் கொண்டுசென்றனர். உரோமை வளர்ந்து அங்கும் துரத்திற்று. 1981இல் இயேசு சபைத் துறவியரின் ஆய்வுக்குழு ஒன்று அமெரிக்காவின் அரிசோனாவிற்குச் சென்றது; 1993 முதல் அங்குள்ள மலையொன்றில் வத்திக்கானின் தொலைநோக்கி இயங்குகிறது. கடல் கடந்து போக அவர்களுக்கு வழி இருந்தது. ஜவ்வாது மலை எங்கே போகும்?

இதுதான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது. காவலூருக்கு ஆபத்து சென்னையிலிருந்து வரவேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர், ஆலங்காயம் ஆகிய நம் ஊர்களின் விளக்குகளே போதும். அண்மைக் காலத்து எல்.இ.டி. விளக்குகளின் வெண்ணீல ஒளி, பழைய மஞ்சள் ஒளியைக் காட்டிலும் அதிகமாகச் சிதறுவது. ஜவ்வாது மலையிலும் ஏலகிரியைப் போல விடுதிகள் பெருகி, ஒவ்வொன்றும் வானத்தை நோக்கி விளக்கேற்றினால் என்ன மிஞ்சும்? மலைவாழ் மக்களுக்கு வருவாய் வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். அதற்கும் ஒரு வழி கண்ணெதிரே இருக்கிறது. காவலூரை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமே இலடாக்கில் ஹன்லே என்னும் இடத்திலும், 4,500 மீட்டர் உயரத்தில், ஒரு தொலைநோக்கியை நடத்துகிறது. அப்பகுதி 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. விளக்குகளுக்கு மூடி போட்டு ஒளியைக் கீழ்நோக்கித் திருப்பினர். கிராமத்து ஆண் பெண்களுக்குச் சிறு தொலைநோக்கிகளைத் தந்து, வானைக் காட்டப் பயிற்சியும் அளித்தனர். வெளியூரார் இருளைக் காணவே அங்கு வருகின்றனர். கிராமத்தார்க்கு அதனால் பிழைப்பும் உண்டாகிறது. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து இளைஞர்களால் இது இயலாதா?

வீட்டுக்காரராகிய நாமும் செய்யக்கூடியது உண்டு. மொட்டை மாடி விளக்குக்கு ஒரு தகரக் குல்லாய் போதும். கெபியிலும் கோபுரத்திலும் திருவிழா முடிந்து பல வாரங்களாகியும் விடிய விடிய எரியும் விளக்குகளைப் பற்றிப் பங்குப் பேரவையில் ஒரு வார்த்தை சொன்னால் மின்கட்டணமும் குறையும். இதற்குப் பங்குத்தந்தையர் எவரும் கோபிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

இனி, போக விரும்பும் குடும்பத்தார்க்கு. வாணியம்பாடியிலிருந்து காவலூருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். சனிக்கிழமைகளில் வானாய்வகத்தைப் பொதுமக்களுக்குக் காட்டும் வழக்கம் உண்டு. வானம் தெளிவாயிருந்தால் சிறு தொலைநோக்கி வழியே கோள்களையும் காட்டுவர். நேரத்தையும் அனுமதியையும் புறப்படுமுன் கேட்டறிந்துகொள்ளுங்கள். மழைக்காலத்தில் வீணே அலையாதீர்கள். தை முதல் சித்திரை வரை ஏற்ற காலம். அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையாகப் பார்த்துச் செல்லுங்கள். பௌர்ணமியன்று சென்றால் நிலாவைத் தவிர வேறொன்றும் காணக் கிடைக்காது. பகலில் நேரமிருந்தால் ஜமுனாமரத்தூர் வரை சென்று கோலப்பன் ஏரியையும் பீமன் அருவியையும் பார்க்கலாம். மலைமக்கள் விற்கும் சாமையையும் தேனையும் பேரம் பேசாமல் வாங்குங்கள். சந்தனக் காடாகையால் வனத்துறையினரின் கண்காணிப்பு உண்டு; இரவில் சாலையை விட்டு மரங்களுக்குள் நுழையவேண்டாம். இரவே இறங்கி வாணியம்பாடியில் தங்கினால் ஞாயிறு காலைத் திருப்பலிக்கும் தடையில்லை.

கண் இருளுக்குப் பழகுவதற்கு 20 நிமிடமேனும் ஆகும். அதுவரை பிள்ளைகள் பொறுமையிழந்து கைப்பேசியைத் திறந்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கவேண்டும். எனவே கைப்பேசிகளைத் தாயாரின் கைப்பையில் பூட்டிவைப்பதே நலம். டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டினால் கண் கெடாது. முதலில் ஏழெட்டு மீன்கள்தாம் தெரியும். பின்னர் நூறு. அதன்பின் எண்ண முடியாது.

தை, மாசியில் திருவாதிரை செம்மையாக ஒளிவிடும். அதற்குத் தெற்கே, தாழ்ந்த வானில், அகத்திய மீன் நிற்கும். சித்திரை மாதமாயின் இரவு 10 மணியளவில் நேர் தெற்கே பாருங்கள். கையை நீட்டி விரல்களை விரித்தால் ஒரு சாண் உயரத்திற்குச் சற்றுக் கீழே, நான்கு மீன்கள் சிலுவை வடிவில் நிமிர்ந்து நிற்கும். அதற்கு இடப்புறத்தில், அதனைச் சுட்டுவதுபோல் இரண்டு பிரகாசமான மீன்கள். ஐரோப்பிய மாலுமிகள் தென்கடலில் திசையறியத் துணைகொண்ட தென்சிலுவை அதுவே. உரோமையில் இருப்போர்க்கு அது அடிவானுக்கு மேல் எழுவதே இல்லை. நமக்கு எழுகிறது, தெற்கே மலையோ விளக்கோ மறைக்காத ஓரிடம் மட்டும் பார்த்து நிற்கவேண்டும்.